பின்மண்டை

முதல் தலை முட்டை.
இரண்டாவதும் முட்டைதான்,
கொஞ்சம் கோபமான முட்டை.
பாம்பன் பஸ் ஸ்டாப் கடையில் வாங்கிய
கோடு போடாத நாற்பது பக்க நோட்டில்
ஆறு பக்கம் முட்டையிலேயே போனது.

கைப்பேசியில் சொல்லித்தருகிறவனுக்கு
கை மட்டும்தான் இருக்கிறது.
மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, நகத்தடியில் கரி.
தலை வரையக் கற்றுத்தரும் அவனுடைய தலையை
இதுவரை நான் பார்த்ததில்லை.
வட்டம் போடு, இரண்டு பக்கமும் அரிந்துவிடு,
தாடையை இறக்கு, பாதியில் ஒரு கோடு இழு,
கண் அங்கே என்கிறான்.
தலைக்கு நட்டநடுவிலா கண்?
சிரித்துவிட்டேன்.

பிறகு செபஸ்தியான் வந்து நாற்காலியில் சாய,
சீப்பில் பெருவிரலை வைத்து அளந்தேன்.
உச்சியிலிருந்து கண்ணுக்கு எத்தனை பல்லோ
கண்ணிலிருந்து தாடைக்கும் அத்தனை பல்.
"முடி வெட்டுறியா, ஜோசியம் பாக்குறியா?" என்றார்.
பதினோரு வருடமாக
ஊரார் தலையில் கை வைத்துத்தான் பிழைக்கிறேன்.
கண்ணுக்கு மேலே
இன்னும் பாதி ஆள் இருக்கிறான் என்பது
தெரியாமலே போயிருக்கிறது.

கைக்குத் தெரியும்.
லூர்துராயனுக்கு இரட்டைச் சுழி,
வலது காதுக்குப் பின்னால்
வின்ச் கயிறு அறுந்து அடித்த தழும்பு.
கத்தரி அந்த இடத்தில் தானாக ஒதுங்கிப் போகும்.
பென்சிலுக்கு அந்தப் புத்தி இல்லை.

தடைக்காலத்தில் படகெல்லாம் கட்டிக் கிடக்க
ஊர்த் தலை அத்தனையும் ஊரிலேயே இருந்தது.
பாதிப் பேர் கடன் சொல்லி வெட்டிக்கொண்டார்கள்.
மே மாதம் முழுக்க மூக்கு.
ஒன்பதாம் தேதி இன்னாசியின் மூக்கு,
அது மூக்கில்லை, குழம்புக் கரண்டி.
இருபதாம் தேதி கோடே போடாமல்
மூக்குக்குப் பக்கத்து நிழலை மட்டும் தேய்த்தேன்.
வந்தது.
சந்தோஷத்தில் ஒரு கோடு போட்டேன்.
போய்விட்டது.

நாற்காலிக்குப் பின்னால் நிற்பவன் நான்.
முகம் எனக்குக் கண்ணாடியில்தான் கிடைக்கும்.
அப்படி வரைந்ததில்
ஆரோக்கியம் அண்ணன் கன்னத்து மச்சம்
பக்கம் மாறி உட்கார்ந்துவிட்டது.
"ஆள் இவருதான், ஆனா என்னவோ தப்பு"
என்றாள் அவர் மனைவி.
என்ன தப்பென்று
அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.
அண்ணன் மட்டும் படத்தை வாங்கிப் பார்த்து
"அச்சு அசல் நானேதான்" என்றார்.
தினமும் காலையில்
அந்த மச்சத்தை அந்தப் பக்கம் வைத்துத்தானே
சவரம் செய்கிறார்.

ஜூன் பிறந்து பாதியானதும் போய்விட்டார்கள்.
கச்சான் காற்று கடைக்குள் மணலைத் தள்ளுகிறது.
காற்று கூடினால் ரயில்கூட அக்கரையில் நின்றுவிடும்,
எனக்கு எங்கிருந்து தலை வரும்?
ஞாபகத்தில் வரைந்தேன்.
முகம் ஒன்றும் வரவில்லை,
பின்மண்டைகள் வந்தன.
வரிசையாக, கழுத்து மடிப்போடு,
வியர்க்குருவோடு,
கூப்பிட்டால் திரும்பிவிடுவதுபோல.

தம்பிக்கு முடி வெட்டக் கூட்டிவந்த ஜெனிட்டா
நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவள்
ஒரு பக்கத்தில் நிறுத்தி,
"எங்கப்பா" என்றாள்.
கண்ணில்லை, மூக்கில்லை, மீசையில்லை.
இரட்டைச் சுழியும் தழும்பும்தான்.
எப்படித் தெரிஞ்சுது?
"பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்ல பின்னாடிதானே
உக்காந்து போவேன்."
சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.
நான் தம்பியின் கிருதாவை
ஒரு பக்கம் ஏற்றி வெட்டிவிட்டேன்.

அன்று ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
என் பின்மண்டையை வரைய உட்கார்ந்தேன்.
வெட்டி முடிந்ததும் எல்லாருக்கும்
பின்னால் பிடித்துக் காட்டும் சின்னக் கண்ணாடி,
எனக்கு யாரும் காட்டாதது.
இடது கையில் பிடித்தால் கழுத்துதான் தெரிகிறது,
வலது கைக்கு மாற்றினால் உச்சி தெரிகிறது,
பென்சில் தரையில்.
நடுவில் வழுக்கை விழ ஆரம்பித்திருப்பதை
இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்,
ஒருவரும் சொல்லவில்லை.

காது இன்னும் வரவில்லை.
வெட்டும்போது சொன்னபடி மடங்குகிற சாமான்,
காகிதத்தில் மடங்கமாட்டேன் என்கிறது.
நோட்டில் பாக்கி நான்கு பக்கம்.